டாங்கைத் திறந்தால் ஓடும் கார்

என் மச்சினன் ஊரைவிட்டுப் போகிறான் என்று என் மனைவி சொன்ன அன்றே நான் அந்த முடிவை எடுத்துவிட்டேன். அவன் போவதற்குள் என் கார் அவன் வீட்டு வாசல் வழியாகப் போக வேண்டும். நிற்கக் கூடாது. நான் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஹாரன் மட்டும் அடிக்க வேண்டும். நீளமாக.

காரணம் இருக்கிறது. காரணமில்லாத கோபம் என்னிடம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாவற்றையும் துடைத்து, துரு ஏறாமல் பத்திரமாக வைத்திருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் என் ஏணியை இரவல் வாங்கி ஒரு படி குறைவாகத் திருப்பிக் கொடுத்தது நேற்று நடந்தது போல இருக்கிறது. ஆனால் மச்சினன் மேல் உள்ள கோபம் அவற்றுக்கெல்லாம் மூத்தது. ஒரு கல்யாண வீட்டு வாசலில் என் கார் கிளம்ப மறுத்தது. உறவுக்காரர்கள் சேர்ந்து தள்ளினார்கள். அப்போது இவன் எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்:

"மாமா, மத்தவங்க கார்ல எத்தனை பேர் உக்காரலாம்னு கேப்பாங்க. உங்க கார்ல எத்தனை பேர் தள்ளலாம்னு கேக்கணும்."

கல்யாண வீடே சிரித்தது. மாப்பிள்ளை சிரித்தான். பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். அதைத் தனிக் கோபமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்றோடு காரைக் கொட்டகையில் விட்டுத் தார்ப்பாயைப் போட்டு மூடினேன். அன்றோடு அவன் வீட்டுக்குப் போவதையும் நிறுத்தினேன். அவன் வீடு ஒன்றும் தூரமில்லை. சில தெரு தள்ளித்தான். என் மனைவி மட்டும் போவாள், வருவாள். வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்வாள்.

"தம்பி கேட்டான்."

"என்ன?"

"மாமா வரலையான்னு."

இத்தனை வருஷமாக இதேதான். இந்தத் தடவை அவள் அதோடு விடவில்லை.

"வர்ற வாரம் சாமானெல்லாம் ஏத்தறாங்க. அப்புறம் அவன் எங்கேயோ, நாம எங்கேயோ. போறதுக்குள்ள ஒரு வேளை எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும். நான் கேக்கறது அவ்வளவுதான்."

"நீ போய்ச் சாப்பிடு. நான் தடுத்தேனா?"

"தனியா உக்காந்தா எனக்குச் சாப்பாடு இறங்கறதில்லைங்க."

"தண்ணி குடி."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். நான் கொட்டகைக்குப் போனேன்.

தார்ப்பாயை எடுத்து, பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்து மூக்கை வைத்தேன். பெட்ரோல் வாசனையே இல்லை. பழைய பெயிண்ட் டப்பா வாசனை அடித்தது. குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடித்தேன். டீ நிறத்தில் இறங்கியது. அடியில் செங்கல் பொடி மாதிரி துரு.

பின்னால் என் மனைவி எட்டிப் பார்த்தாள். "பெட்ரோல்கூடவா கெட்டுப்போகும்?"

"ரொம்ப நாள் சும்மா கிடந்தா எதுவும் கெட்டுப்போகும்."

"உங்க கோபம் மட்டும் எப்படிங்க இத்தனை வருஷமா கெடாம இருக்கு?"

நான் பாட்டிலை மூடி ஓரமாக வைத்தேன். இந்த மாதிரிக் கேள்விகளை அவள் எங்கிருந்து பொறுக்குகிறாள் என்று தெரியவில்லை.

தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அவன் ஒருமுறை நான் பக்கத்தில் நிற்கும்போதே என் காரைக் காட்டி, "இதை யாரு இங்க போட்டுட்டுப் போனது?" என்று கேட்டவன். அவனோடும் பேச்சு கிடையாது. ஆகவே நானே இறங்கினேன்.

டாங்கைக் கழற்றிக் கழுவினேன். ஃபில்டரைப் பிரித்தேன். அதற்குள் ஒரு சின்ன வயல் போடும் அளவுக்கு மண் இருந்தது. பெட்ரோல் பம்புக்குள் ஒரு ரப்பர் தகடு இருக்கும். அதுதான் மேலும் கீழும் ஆடி பெட்ரோலை உறிஞ்ச வேண்டும். அது காய்ந்த இலை மாதிரி கையோடு வந்தது; புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன். கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பாகு போலப் படிந்து, ஊசி முனை அளவுத் துளைகளையெல்லாம் அடைத்திருந்தது. ஊறவைத்து, சைக்கிள் பம்பால் ஊதி ஊதி எடுத்தேன். ஒவ்வொன்றைக் கழற்றும்போதும் இதற்குள் என்ன இருக்குமோ என்று எனக்கு ஒரே ஆவல். அடுத்து என்ன கழற்றுவேனோ என்று என் மனைவிக்கும் ஆவல். முக்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இது எதுக்குங்க?"

"பம்ப். டாங்க்ல இருக்கற பெட்ரோலை உறிஞ்சி எஞ்சினுக்குத் தரும்."

"உறிஞ்சிட்டா, டாங்குக்குள்ள அந்த இடத்துல என்ன வரும்?"

"ஒண்ணும் வராது."

"ஒண்ணும் வராம எப்படிங்க இருக்கும்?"

"நீ போய் டீ போடு."

டீ வந்தது. ஒரு வாய் குடித்ததும் பெட்ரோல் நாற்றம் அடித்தது. புதுப் பெட்ரோலை டாங்கில் ஊற்றும்போது நான்தான் அவளுடைய டீ வடிகட்டியை எடுத்து வடிகட்டியிருந்தேன். ஊற்றியதும் கழுவித்தான் வைத்தேன். என் கழுவல் போதவில்லை.

"மிச்ச டீயை டாங்க்ல ஊத்துங்க," என்றாள் அவள். "அது குடிச்சுக்கும்."

கடைசியில் ஒரு காலையில் புது பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். கார் இருமியது. தும்மியது. கொட்டகை முழுக்கப் புகை விட்டது. பிறகு ஓடியது! நான் ஓட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்றார். ஏணியை நினைத்துக்கொண்டு அவரைப் பார்க்காமல் போனேன்.

பெரிய தெருவில் தையல்கடை வாசல் வந்ததும் கார் நின்றது. குழாயை மூடினாற்போல நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று இறங்கி டாங்க் மூடியைத் திறந்தேன். 'உஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டது. உள்ளே பெட்ரோல் நிறையவே இருந்தது. மூடிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காதது போல ஓடியது.

மறுநாளும் தையல்கடை வாசலில் நின்றது. திறந்தேன். உஸ்ஸ். ஓடியது. அதற்கு மறுநாளும் அப்படியே. தையல்காரர் எனக்காக ஒரு ஸ்டூலையே எடுத்து வெளியே போட்டுவைத்தார்.

இரவெல்லாம் யோசித்ததில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. மனைவியிடம் சொன்னேன்.

"காருக்கு என்கிட்ட பயம். நான் இறங்கிப் போய் டாங்கைத் திறந்து ஒரு முறை முறைச்சா போதும், அடங்கி ஓடுது."

அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய் மூடியைக் கழற்றிக்கொண்டு வந்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மூடினா நிக்குது, திறந்தா ஓடுது. அப்போ மூடியிலதாங்க விஷயம். இங்க பாருங்க, சின்னதா ஒரு ஓட்டை. அழுக்கு அடைச்சிருக்கு."

"அது ஏதோ அழகுக்கு வச்சிருப்பான்."

"எண்ணெய் டின்ல ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவுத்துப் பாருங்க. கொஞ்சம் ஊத்தும், அப்புறம் நின்னுடும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டாத்தான் கடகடன்னு வரும். உள்ள காத்து போனாத்தானே எண்ணெய் வெளிய வரும்?"

"கார் காத்துலயா ஓடுது?"

"இல்லீங்க, பெட்ரோல் போன இடத்துக்குக் காத்து வரலைன்னா பம்ப் எப்படி..."

"எண்ணெய் டின்னைப் பத்தி நீ பேசு. காரைப் பத்தி நான் பேசிக்கறேன்."

"சரிங்க," என்றாள்.

அவ்வளவுதான். வெறும் 'சரிங்க'. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு வார்த்தையில் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். விழிக்காமல் பம்பை மறுபடி பிரித்து, ஒரு திருகை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.

அடுத்த நாள் கார் தையல்கடையைத் தாண்டியது! ஸ்டூலைத் துடைத்துக்கொண்டிருந்த தையல்காரர் துணியோடு நின்றுவிட்டார். நான் பெரிய தெருவைச் சுற்றி, பள்ளிக்கூடத்தைச் சுற்றி, மறுபடியும் அவர் கண்ணில் படும்படி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"பம்புதான். ஒரே திருகு. லேசா இறுக்கினேன், அடங்கிடுச்சு."

"ஒரே திருகா! அதுலயா இவ்வளவு விஷயம் இருந்தது!" என்று ஆச்சரியப்பட்டாள் என் மனைவி. ஆச்சரியப்பட்டுக்கொண்டே, கையிலிருந்த ஊசியின் முனையில் ஒட்டியிருந்த அழுக்கைத் துடைத்து நூல்கண்டில் குத்தி வைத்தாள். அவள் ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்தேன். பக்கத்தில் துணி எதுவும் இல்லை என்பது இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

"நாளைக்கு அவன் வாசல் வழியாப் போகப்போறேன்."

"நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"இத்தனை வருஷம் கழிச்சு உங்க கார் ஓடறதைப் பாத்து அவன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு நானும் பாக்க வேணாமா?"

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கல்யாண வீட்டில் அவள் சிரித்த அந்தத் தனிக் கோபத்தை அப்போதே மன்னித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். நல்லவேளை, அவசரப்படவில்லை.

"டாங்க் நிறைய பெட்ரோல் போட்டுக்குங்க," என்றாள். "வழியில நின்னா அசிங்கம். மத்தியானமாப் போவோம். அப்போதான் அவன் வீட்ல இருப்பான்."

மறுநாள் அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டாள். எனக்கும் வெளுத்த சட்டை எடுத்து வைத்தாள். நான் சட்டை மாட்டி வெளியே வருவதற்குள் காருக்குப் பக்கத்தில் போய், கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு தயாராக நின்றாள்.

கிளம்பினோம். வழியெல்லாம் கார் பூனை மாதிரி போனது. மச்சினன் தெரு திரும்பியதுமே ஹாரனில் கை வைத்தேன். எடுக்கவில்லை. ஜன்னல்கள் திறந்தன. தூரத்தில் அவன் வாசலில் வந்து நிற்பது தெரிந்தது. நான் கழுத்தை நேராக வைத்துக்கொண்டேன். அவன் வாசல் வந்தது. தாண்டியது! தாண்டிவிட்டேன்!

அடுத்த வீட்டு வாசலில் கார் நின்றது.

ஹாரன் மட்டும் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டிருந்தது. கையை எடுத்த பிறகு தெருவில் அப்படி ஓர் அமைதி.

நான் குதித்து இறங்கி டாங்கைப் பார்க்க ஓடினேன். எனக்கு முன்னால் என் மனைவி இறங்கி, டாங்க் மூடியை ஒட்டினாற்போல முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"நகரு. நான் முறைக்கணும்."

"அதுவும் வெயில்ல வந்திருக்குங்க. கொஞ்சம் ஆறட்டும்."

அதற்குள் மச்சினன் வந்துவிட்டான். காதோரம் நரைத்திருந்தது. இவனுக்கு எப்போது நரைத்தது? அவன் காரைப் பார்க்கவில்லை. சிரிக்கவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அதற்கெல்லாம் பதில் தயார் செய்து வைத்திருந்தேன்.

"வாங்க மாமா," என்றான். "சாப்பிட்டுப் போலாம்."

அவன் என் கையைப் பிடித்தான். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு மனிதன் கையை உதறிவிட்டு எங்கே போவது? கார் வேறு ஓடவில்லை.

வீட்டுக்குள் எல்லாம் பெட்டிகளாகக் கட்டி அடுக்கியிருந்தது. சுவரில் படம் இருந்த இடங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. தட்டுகள் மட்டும் கட்டப்படாமல் தரையில் வரிசையாக இருந்தன. எனக்கும் ஒன்று இருந்தது. அதைப் பார்த்தபோது ஏதோ உறுத்தியது. பசியும் இருந்தது. பசி ஜெயித்தது.

மச்சினன் உட்காராமல் நின்றுகொண்டு எனக்குத் தன் கையால் பரிமாறினான். பரிமாறிக்கொண்டே மெல்லச் சொன்னான்.

"அன்னைக்கு அந்தக் கல்யாணத்துல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது மாமா."

"எந்தக் கல்யாணம்?" என்றேன். "எனக்கு அதெல்லாம் ஞாபகமே இல்லை. நீ உக்காந்து சாப்பிடு மாப்ளே."

என் மனைவிக்குப் புரையேறியது. தலையைத் தட்டிக்கொண்டே அவள் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள். அன்று அவளுக்குச் சாப்பாடு நன்றாகவே இறங்கியது.

தண்ணீர்ச் செம்போடு மச்சினன் மனைவி வந்தாள். வெள்ளை மனசுக்காரி. எதையும் மறைக்கத் தெரியாது. குனிந்து என் டம்ளரில் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏன் அண்ணி, நம்ம வாசல்லயே நின்னுடும்னு சொன்னீங்க, ஒரு வீடு தாண்டிப் போயிடுச்சே?"

என் மனைவி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"மூடி ஓட்டையில சோப்பு கொஞ்சம் கம்மியாப் போச்சு."