நேராக வந்த தாள்

மூன்றாவது தாளும் பிரிண்டருக்குள் பாதி வழியில் சிக்கியது. ராசாங்கம் பிடித்து இழுத்தார். ஒரு எழுத்துகூட அச்சாகாமல், கொசுவம் வைத்த புடவை மாதிரி வந்தது.

திருமானூரில் அந்த விவசாயிகள் கூட்டுறவுச் சங்க ஆபீசுக்கு அவர்தான் எழுத்தர். செயலாளர் கீதாஞ்சலி, வந்த மெயிலைப் படிக்காமலே பிரிண்ட் கொடுத்து, கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டு, கூட்டத்துக்காக அரியலூர் பஸ்ஸுக்கு ஓடியிருந்தார். இப்போது அங்கிருந்து போன்.

"சார், அந்த மெயில் புரமோஷன் ஆர்டராம். நம்ம சரகத்துல யாருக்கோ. அஞ்சு மணிக்குள்ள அவரு கையெழுத்துப் போடலன்னா ஆர்டரே ரத்துன்னு கூட்டத்துல சொல்றாங்க."

"தாள் சுருண்டுக்குது மேடம்!"

"எப்படியாவது எடுத்துடுங்க சார்."

போன் கட்டானது.

"யாரு பெத்த புள்ளையோ, பாவம்," என்றார் ராசாங்கம். கட்டு பிரித்து இரண்டு வாரமாக ஜன்னலோரம் கிடந்த தாள். அடைமழையில் நன்றாக ஈரம் குடித்திருந்தது.

"இப்பதான் வெயில் வந்துட்டே சார், செத்த நேரம் காய வைக்கலாம்," என்றார் அலுவலக உதவியாளர் பச்சையம்மாள்.

வாசலில் பரப்பினார்கள். ஈரம் போனது. ஆனால் மேல்பக்கம் சுருண்டிருந்த தாள் இப்போது கீழ்ப்பக்கம் சுருண்டது. நாலைந்தை ஆடு தின்றுவிட்டது.

மிச்சத்தை அள்ளிக்கொண்டு ராசாங்கம் பக்கத்து இஸ்திரிக் கடைக்கு ஓடினார். தேய்த்த தாள் அப்பளமாக மொறுமொறுத்தது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஐந்தாறு ஒரேயடியாக உள்ளே போயின. பிரிண்டர் கடகடவென்று அலறி, சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றது.

மணி நாலேகால்.

"விட்டுத்தள்ளுங்க சார். யாருக்கோ வந்தது, நமக்கென்ன?"

"அப்புடிச் சொல்லாதம்மா. அவரு எத்தனை வருஷமா காத்துக்கிட்டு இருக்காரோ."

மெக்கானிக் ரஞ்சித்குமாருக்குப் போன் போட்டார். நடந்ததைக் கேட்டு அவன் சிரித்து முடிக்கவே ஒரு நிமிஷம் ஆனது.

"இஸ்திரியா! அதைத் தூக்கி ஓரமா வைங்க சார். பிரிக்காத கட்டு இருக்கா? அதைப் பிரிச்சு, நல்லா விசிறி விட்டு, ஓரத்தைத் தட்டி, ட்ரேல போட்டிருக்குற அளவுக் கோட்டுக்குக் கீழயே வைங்க. அப்பவும் சுருண்டா திருப்பிப் போடுங்க. பின்கதவைத் தொறந்து விடுங்க, தாள் வளையாம வரும்."

ராசாங்கம் ஓடிப்போய் ஆபீசின் பின்கதவைத் திறந்துவிட்டு வந்தார்.

"தொறந்துட்டேன் தம்பி. காத்து நல்லா வருது."

"பிரிண்டரோட பின்கதவு சார்!"

சிக்கியதையெல்லாம் எடுத்துவிட்டு, புதுக் கட்டை வைத்தார்கள். பச்சையம்மாள் பிரிண்டருக்குப் பின்னால் கையேந்தி நின்றார். ராசாங்கம் முன்னால் குந்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ட்ரேயையே பார்த்தார். சர்ரென்று ஒரு தாள் உள்ளே போனது. சிக்கவில்லை.

"வந்துட்டு சார்! நேரா வந்துட்டு!"

"அப்பாடா! ஆளு யாரு, எந்த ஊருன்னு பாரும்மா. ஏலாக்குறிச்சியா இருந்தாலும் வண்டிய எடுத்துக்கிட்டு நானே கொண்டுபோய்க் குடுத்துடுறேன்."

பச்சையம்மாள் தாளை ஒருமுறை படித்தார். இன்னொரு முறையும் படித்தார். பிறகு மேசையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினார்.

"வண்டியெல்லாம் வேணாம் சார். எந்திரிச்சுக் கையெழுத்தைப் போடுங்க, ஆளு நீங்கதான்!"