பெரியவர் உட்காரட்டும்

சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் மகள் வருகிறாள். அதற்குள் அது நின்றாக வேண்டும், அதுவும் ஹெட்கிளார்க்கின் கை படாமல்.

ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் அவர் ஹெட்கிளார்க்தான், மகள் வராத நாட்களில். போன மாதம் வந்தவள், "இந்த வயசுல மேல ஏறிக்கிட்டு என்னப்பா? நீங்க உக்காருங்க" என்று சொல்லி, ஏணியைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டாள். 'இந்த வயசுல' என்ற அந்த வார்த்தை அவருக்கு ரெண்டு நாள் வலித்தது. இனி எந்த ரிப்பேரில் கை வைத்தாலும் கருவிப்பெட்டியும் போகும் என்பது அவளுடைய எச்சரிக்கை. அந்தப் பெட்டி போனால் அப்புறம் அவருக்கு வீட்டில் என்ன இருக்கிறது?

அதனால் நல்ல பிள்ளையாகப் பிளம்பரைக் கூப்பிட்டார். வந்தவரைக் கண்டதும் மனசு இளகிப்போயிற்று. தலை முழுக்க வெள்ளை, புருவமும் வெள்ளை. கண்ணை இடுக்கிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து நடந்தார். கூடவே இருமல். இதெல்லாம் கண்ணாடி இல்லாமலே ஹெட்கிளார்க்குக்குத் தெரிந்தது. கண்ணாடி சட்டைப்பையில்தான் இருக்கும். போட்டால் வயசானவர் மாதிரி இருக்குமாம்.

"குழாய் எங்கங்க?" பிளம்பரின் குரல் கரகரத்தது.

"அது கெடக்கட்டும். முதல்ல உக்காருங்க பெரியவரே."

"இல்லீங்க, கொஞ்சம் தண்ணி..."

ஹெட்கிளார்க் அவரை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். பிளம்பர் குடித்துவிட்டு எழுந்து தொட்டிப் பக்கம் போனார். ஹெட்கிளார்க் தோளைப் பிடித்து மறுபடி உட்காரவைத்தார்.

"குனியாதீங்க. இந்த வயசுல இடுப்பு பிடிச்சுக்கிட்டா யார் பாக்கறது? நான் செய்யறேன்."

கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த மனைவி அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "அவர் வேலையை அவர் செய்யட்டுமே. பெட்டி போயிடும், சொல்லிட்டேன்."

"வயசானவரு, பாவம்."

"உங்களையும் நம்ம பொண்ணு இதேதான் சொன்னா."

"அது வேற. எனக்கு என்ன வயசா ஆயிடுச்சு?"

தொட்டிக்கு அடியில் நுழையும்போதே முதுகு ஒரு தடவை பதில் சொன்னது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மரையை ஒரு திருகு திருகினார். சொட்டியது ஒழுக ஆரம்பித்தது. துணியைச் சுற்றினார். ரெண்டு பக்கமும் ஒழுகியது. சுவரோரம் இருந்த வால்வை இறுக மூடினார்.

"ஐயா, அது பாத்ரூமுக்குப் போற..." இருமல் வந்து பிளம்பரின் பேச்சை அடைத்தது.

"பேசாதீங்க, மூச்சு வாங்குது பாருங்க. என்ன வேணும்?"

"தண்ணி... நிறைய..."

"மேஜை மேல சொம்பு இருக்கு. எடுத்துக்கங்க."

பிளம்பர் சொம்பைப் பார்த்தார், பெருக்கித் துடைத்த தரையைப் பார்த்தார், சொம்பைத் தூக்கிக் குடித்தார்.

வாசலில் மகளின் செருப்புச் சத்தம் கேட்டது. ஹெட்கிளார்க் பதறிப்போய் ஸ்பேனரை முழு பலத்தோடு திருப்பினார். குழாய் கையோடு வந்துவிட்டது. பீறிட்ட தண்ணீர் அவரைத் தாண்டிப் போய், நாற்காலியில் இருந்தவரின் தலையில் விழுந்தது.

"அப்பா, நீங்க ஏன் கீழ இருக்கீங்க? அவர் ஏன் மேல இருக்காரு?"

"வயசானவரும்மா. மனசு கேக்கலை."

மகள் திரும்பிப் பார்த்தாள். "யாரு, இந்தத் தம்பியா?"

ஹெட்கிளார்க் தவழ்ந்து வெளியே வந்து, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். நாற்காலியில் கருகருவென்ற தலைமுடியோடு ஒரு வாலிபன் உட்கார்ந்திருந்தான். அவன் சட்டையில் வெள்ளை வெள்ளையாக என்னவோ வழிந்துகொண்டிருந்தது. ஹெட்கிளார்க்குக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தனக்கு வலித்த அதே வார்த்தையை அல்லவா எடுத்து அவன்மேல் போட்டிருக்கிறார். பெட்டியைத் தானே தூக்கி மகளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

வாலிபன் எழுந்துபோய்ச் சரியான வால்வை மூடிவிட்டு, முகத்தை வழித்துக்கொண்டான்.

"பரவாயில்லீங்க சார். காலையிலேர்ந்து ஒரு வீட்டுல கூரைச் சுண்ணாம்புப் பூச்சை உடைச்சுக் குழாய் மாத்தற வேலை, தலையெல்லாம் தூசி. தலையைக் கழுவிக்கத்தான் வந்ததுலேர்ந்து தண்ணி கேட்டேன், நீங்க குடிக்கவே குடுத்துக்கிட்டிருந்தீங்க."