இராயப்பு மாமாவை நிப்பாட்ட ஏலாது

கொக்கிளாய்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள றொமேஸ் அண்ணைக்குத் தம்பி வின்சன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, நான், ஆடுகள் யாவரும் நலம். ரொறன்ரோவில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம். உங்கள் பேஸ்போல் அணி மட்டும் இப்போதுதான் சுகமாகி வருகிறது.

வேலைக் கரைச்சல் என்று உங்கள் கணினி விளையாட்டு அணியை என்னிடம் தந்தீர்கள். கணினி வலையமைப்புப் படித்தவனுக்கு இதென்ன பெரிய வேலை என்று நானும் வாங்கினேன். பந்தைக் கணினியே எறியும், கணினியே அடிக்கும். யாரை இறக்குவது, யாரை இருத்துவது என்பதுதான் நமக்கு. நான் விட்ட பிழை, வாயில் நுழையாத ஸ்பானியப் பெயர்களை அழித்துவிட்டு எங்கள் ஊர்ப் படகுச் சம்மாட்டிமாரின் பெயர்களை வைத்தது. பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பவனுக்கு இராயப்பு. ஓம், கலிஸ்ராவின் தகப்பன்தான். பெண் கேட்க முதல், ஆளைக் கொஞ்சம் குளிர்விக்கலாம் என்று நினைத்தேன். இப்போது மனுசன் கடலால் வந்ததும் நேரே எங்கள் படலைக்குத்தான் வருகிறார்.

"தம்பி, இண்டைக்கு நான் அடிச்சனானோ?"

"இல்லை மாமா. நாலு தரமும் அவுட்."

"பொய் சொல்லாதை. நான் அப்பிடி அவுட்டாகிற ஆளில்லை."

அவர் அடிக்கமாட்டார் என்று கணினி தெளிவாகச் சொல்கிறது, அண்ணை. ஆகவே இருத்தினேன். ஆனால் இந்த விளையாட்டில் ஒவ்வொருவனுக்கும் குணமும் மனநிலையும் உண்டு. சந்தோசம் என்றால் பச்சை, கோவம் என்றால் சிவப்பு. இராயப்பு மற்றவர்கள் மதிக்கிற மூத்தவனாம். அவன் சிவக்க, பந்தெறிபவன் சிவந்தான், ஒரு கிழமையில் அணி முழுக்கச் சிவப்பு, எல்லா ஆட்டமும் தோல்வி. கணினிக்கு வெளியிலும் அதே கூத்து. மாமா என்னோடு கதையை நிறுத்தினார். அவர் மனுசி றோஸ்மேரி மாமி கோயிலில் அம்மாவைக் கண்டும் காணாத மாதிரிப் போனா. கலிஸ்ரா போனில், "ஐயாவை இருத்திப்போட்டு என்னைக் கேட்டு வரப்போறீரோ? உமக்கு மூளை இருக்கோ?" எண்டு கத்துறா. படிச்ச படிப்பு ஒண்டும் உதவேல்லை.

திரும்ப இறக்கினேன். மாமா இன்னும் அவுட்தான். ஆனால் மற்ற எட்டுப் பேரும் பச்சை, வெல்லத் தொடங்கிவிட்டோம். இந்த நேரம் பார்த்து நீங்கள், "அந்தக் கிழடை அணியிலிருந்து உடனே நிப்பாட்டு" என்று எழுதுகிறீர்கள். ஏலாது. நீங்கள் அடிக்கிற கணக்கை மட்டும் பார்க்கிறீர்கள். அவர் போனால் அணியும் போகும், என் கலியாணமும் போகும். தயவுசெய்து கை வைக்காதையுங்கோ.

அண்ணிக்கு அம்மாவின் அன்பு. பிள்ளைகளைக் குளிருக்குள் விடாதையுங்கோ. மாதா உங்களுக்குச் சுகத்தையும் கொஞ்சம் பொறுமையையும் தரட்டும்.

இப்படிக்கு,
தம்பி வின்சன்

பி.கு: இதை அனுப்ப முன்னர் மாமா வந்தார். எங்கள் ஊருக்கு இறால் எடுக்க வரும் வவுனியா றிபாஸும் இதே கணினிப் போட்டியில் ஓர் அணி வைத்திருக்கிறான். மாமாவை முதல் ஆளாக அடிக்க இறக்குவதாகச் சொன்னானாம். "என்னை அவனிட்டைக் குடுத்துவிடு, தம்பி. அவன் ஆளை மதிக்கத் தெரிஞ்சவன்" என்கிறார். ஆகவே மேலே எழுதியதை விட்டுவிட்டு, அவரை உடனே நிப்பாட்டுங்கோ, றிபாஸ் எடுத்துக்கொள்ளட்டும். "அப்ப கலிஸ்ரான்ரை விசயம், மாமா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். மனுசன் முறைத்தார். "டேய், அதென்ன விளையாட்டே? ஞாயிறு பூசை முடியக் கொம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டை வா."