ஆறு நாள் சொச்சம்

இறங்கவேண்டிய எண் திங்கட்கிழமை காலை ஏறியிருந்தது.

தசமம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் ஏறித்தான் இருந்தது. எதையும் நாலாவது தசமம் வரை அளக்காமல் விடமாட்டார் என்பதால் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு அந்தப் பெயர்.

மேஜைமேல் ஈயப் பெட்டி. அதற்குள் பொட்டளவு கதிரியக்கப் பொருளும், அதன் கதிர்களை எண்ணும் கருவியும். எண்ணிக்கை பாதியாகக் குறைய எவ்வளவு காலம் பிடிக்கிறதோ அதுதான் அரை ஆயுள். இந்தப் பொருளுக்கு ஆறு நாள் சொச்சம். அந்தச் சொச்சத்தைக் கறாராகச் சொல்வதுதான் அவர் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் கருவியைப் பக்கத்து அறைக்குக் கொடுத்துவிடுவேன் என்று துறைத் தலைவி சொல்லியிருந்தார். மூன்று வருஷ உழைப்பு அதோடு போய்விடும். 

"யாரோ உள்ள வந்து கை வெச்சிருக்காங்க" என்றார், வராந்தாக் கோடியில் உட்கார்ந்திருந்த காவலாளியிடம். அன்றுதான் அங்கே வேலைக்கு வந்தவர்.

"ஈ காக்கா வரல சார்." அவர் எழுந்து நாலடி தள்ளி நின்றுகொண்டார். "ஆள் நடமாட்டம் இல்லாத இடமா வேணும்னு நானே கேட்டு வாங்கின டியூட்டி இது."

இப்படியொரு மரியாதையையும் கடமை உணர்ச்சியையும் தசமம் அந்தக் கட்டடத்தில் பார்த்ததே இல்லை.

"அண்ணே, நாற்காலிய எங்க ரூம் கதவுகிட்டயே போட்டுக்குங்க."

செவ்வாய்க்கிழமை எண் இன்னும் ஏறியது. ஜன்னல் வழியாகத்தான் ஏதோ வந்து தொலைக்கிறது என்று முடிவுகட்டி, ஜன்னல் பக்கம் கதிரைத் தடுக்கும் ஈயக் கட்டிகளை அடுக்கினார். போதவில்லை. கதவுப் பக்கத்தில் இருந்த கட்டிகளையும் உருவி அங்கேயே வைத்தார். முதுகு பிடித்துக்கொண்டது.

புதன்கிழமை எண் எகிறிக் குதித்தது.

"அண்ணே, இனிமே உள்ளயே வந்து மெஷின் பக்கத்துல உக்காருங்க. யார் வந்தாலும் விடாதீங்க."

காவலாளி யோசித்தார். "நீங்க உள்ள இருப்பீங்களா சார்?"

"மாட்டேன். வெளியிலேர்ந்து கம்ப்யூட்டர்ல பாத்துக்குவேன்."

"அப்பன்னா சரி சார்."

வியாழக்கிழமை முழுக்கக் காவலாளி ஈயப் பெட்டியில் தோளைச் சாய்த்துக்கொண்டு நிம்மதியாகப் பேப்பர் படித்தார். வெளியே தசமம் கணக்குப் போட்டார். அரை ஆயுள் மைனஸில் வந்தது. ஏழு தடவை போட்டுப் பார்த்தார். ஏழு தடவையும் மைனஸ்.

வெள்ளிக்கிழமை காலை தலைவி வந்துவிட்டார்.

"மைனஸ்னா என்ன அர்த்தம்?"

"குறையல மேடம். வளருது."

"அது என்ன புல்லா, வளர்றதுக்கு?"

"நாலாவது தசமம் வரைக்கும் பாத்துட்டேன் மேடம்…"  தசமத்துக்கு அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

தலைவி கதவைத் திறந்துகொண்டு கருவியை நோக்கி நடந்தார். காவலாளி பதறி எழுந்தார்.

"அம்மா, கிட்ட வராதீங்க!"

"ஏன்? நான் உடைச்சிடுவேனா?"

"பாத்தீங்களா மேடம், உங்களையே விடமாட்டேங்கறார்" என்றார் தசமம், அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையாக.

காவலாளி சுவரோடு ஒட்டிக்கொண்டு சங்கடமாகச் சிரித்தார்.

"அதில்லம்மா. தைராய்டுக்காகப் போன சனிக்கிழமை ஆஸ்பத்திரியில எனக்குக் கதிர்வீச்சு மாத்திரை குடுத்தாங்க. பத்து நாளைக்கு உடம்புலேர்ந்து கதிர் வரும், மனுஷங்க பக்கத்துல உக்காராதேன்னாங்க. மெஷின் பக்கத்துல உக்காராதேன்னு யாரும் சொல்லலையே!"