மேல்சபைக்கு அடுத்தது யார்?

ஒரு நாற்காலி காலி என்று காதில் விழுந்ததும், உட்கார்ந்திருந்தவர் என்ன ஆனார் என்று கேட்காமல், உட்காரப் போகிறவர் யார் என்று கேட்கிற ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கையில் நாலாக மடித்த பேப்பர் இருக்கும். "உனக்கு மட்டும் சொல்றேன்" என்று பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற குரலில் ஆரம்பிப்பார்கள். அறுபத்து நாலாம் வருஷம் செஞ்சிக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த கோதண்டராமன் இந்த இனத்தில் அசல் விதை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் செய்த கனகராஜ் பட்டணத்திலிருந்து வந்து இறங்கினார். அங்கே ஆஸ்பத்திரியில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்த மேல்சபை மெம்பர் சுந்தரமூர்த்தியைப் பார்க்கப் போயிருந்தார்.

"மெம்பர் இன்னா சொல்றாரு?" என்றார் கோதண்டராமன்.

"எங்க பாக்கறது? போய் நின்னா பெட்டு காலியா கெடக்குது."

போதாதா? எடை போட்டுக்கொண்டிருந்த பித்தளை அண்டா தராசிலேயே நின்றது. பெட்டு ஏன் காலி, மெம்பர் எங்கே, மூச்சு இருக்கிறதா? இதெல்லாம் பாமரர்கள் கேட்கிற கேள்வி.

"அப்ப மேல்சபைக்கு யாரு?"

லேசான விஷயமில்லை. அந்த ஸ்தானத்துக்கு ஓட்டுப் போடுகிற பஞ்சாயத்துக்காரர்களில் சரிபாதி ஆளுங்கட்சி, சரிபாதி எதிர்க்கட்சி. இரண்டு பேருக்கு ஜலதோஷம் பிடித்தால் முடிவே மாறிவிடும். கோதண்டராமன் எட்டு மணிக்குத் தொண்டூர் பொன்னுசாமியை உட்கார வைத்தார். பத்து மணிக்கு அவரை இறக்கிவிட்டு அனந்தபுரம் விநாயகத்தை ஏற்றினார். விநாயகத்துக்கு வல்லம் பக்கம் ஒரு ஓட்டும் விழாது என்று யாரோ சொல்லிவிட, பகல் சாப்பாட்டுக்குள் அவரும் ஊசலாடினார்.

"சாப்பிட வர்றீங்களா இல்லியா?" என்று உள்ளேயிருந்து மனைவி வேதநாயகி கூப்பிட்டாள். "சோறு ஆறுது!"

"இரு, இன்னும் மெஜாரிட்டி வரல."

மூன்று மணிக்குப் பொன்னுசாமியே சலவை வேட்டியும் துண்டுமாக வந்து நின்றார்.

"காத்தால என் பேரச் சொன்னியாமே! தெருவே வந்து கை குடுத்துட்டுப் போச்சு. என்னை எறக்கினது எவன்?"

சமாதானம் செய்ய இன்னும் இருபது பேர் கூடினார்கள். அந்தச் சமயத்தில்தான் திண்டிவனம் பஸ்ஸிலிருந்து ஒருவர் மருந்துப் பையுடன் மெல்ல இறங்கி, கூட்டத்தைப் பார்த்துக் கடைக்கு வந்தார்.

"இன்னாப்பா கூட்டம்?"

"மெம்பர் ஸ்தானம் காலி. ஆள் பாக்கறோம்" என்றார் கோதண்டராமன், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். பிறகு எடுத்தார். எதிரே நின்றவர் சுந்தரமூர்த்தி.

பொன்னுசாமி துண்டை மெதுவாக இடுப்பில் கட்டினார்.

"தையல் பிரிச்சாங்க. ரெண்டு நாள் மக வீட்ல இருந்துட்டு வரேன்" என்றார் மெம்பர். "நான்தான் இருக்கனே!"

"இருங்க, நல்லா இருங்க" என்று அவசரமாக ஸ்டூலை இழுத்துப் போட்டார் கோதண்டராமன். குற்ற உணர்ச்சி அவரைப் பிடுங்கித் தின்றது. கால் நிமிஷம். "ஆனா ஒரு பேச்சுக்கு வெச்சுக்குங்க, நீங்க இல்லன்னா யாரு?"

மெம்பருக்கு முகம் சிவந்தது. எழுந்தார். வாசல் வரை போனார். நின்றார்.

"யாரைப் போட்டீங்க?"

"விநாயகம்."

"அவனா! அதுக்கு நான் செத்திருக்கவே வேணாம்!"

திரும்பி வந்து உட்கார்ந்தவர்தான். காப்பி வந்தது. தன் மச்சான் கந்தசாமிக்காக விளக்கு வைக்கிற வரை வாதாடினார். கூட்டம் கையைத் தூக்கிப் பார்த்ததில் மச்சானுக்குக் கிடைத்தது இரண்டு கை. அதிலும் ஒன்று மெம்பருடையது. "என் எடத்துக்கே என் பேச்சு எடுபடலியே!" என்று தழுதழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மிச்சமிருந்த இரண்டு வருஷமும் அவர் குத்துக்கல்லாட்டம் மெம்பராகவே இருந்தார். பொன்னுசாமி அந்தக் கடையில் ஒரு கரண்டிகூட வாங்கவில்லை. மெம்பர் கடைத்தெருவில் இருமினால் மட்டும் கோதண்டராமன் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் மெம்பர் உயிரோடு பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, அப்பாடா, மனுஷன் பிழைத்தார் என்று உங்களுக்கு இருந்ததா? இல்லை, பொன்னுசாமியா விநாயகமா என்பது கடைசிவரை தெரியாமல் போயிற்றே என்று இருந்ததா?