மேடேறாத ரயில்

பாதி மேட்டில் ரயில் நின்றுவிட்டது. எஞ்சினின் சக்கரங்கள் மட்டும் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன. யுகேந்திரன் கடைசிப் பெட்டியை விரலால் தள்ளிவிட்டார். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நின்றது.

கைப்பேசியை எடுத்தார்.

"பாய், ஏற மாட்டேங்குது."

"எவ்வளவு நீளத்துல எவ்வளவு உசரம் ஏத்துறீங்க தம்பி?"

"எட்டு அடியில நாலு இன்ச்சு."

"ரொம்ப செங்குத்துலா. நம்ம வீட்டு ரயில் லேஅவுட்டுல நான் அதுல பாதிதான் வெச்சிருக்கேன். பதினாறு அடியாக்குங்க."

யுகேந்திரன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஓய்வு பெற்று, மெக்காலிஸ்டர் ரோட்டுப் பக்கம் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். கூட இருந்த தம்பி ஜெயராஜ் கல்யாணமாகி செபராங் ஜெயாவுக்குப் போன பிறகு, காலியான அறையில் மேசை போட்டு இந்தப் பொம்மை ரயில் பாதையைக் கட்ட ஆரம்பித்தார். கீழ்ப்பாதையைத் தாண்டி மேலே ஒரு பாலம். ரயில் அந்தப் பாலத்தில் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

இஸ்மாயில் பாய் கடலுக்கு அக்கரையில் தாசேக் கெலுகோரில் இருப்பவர். பொம்மை ரயில் வாட்ஸ்அப் குழு ஒன்றில் பழக்கம். குழுவில் மற்றவர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்துபோய், கடைசியில் இவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம். நேரில் பார்த்ததில்லை. ஆனால் தினமும் பேச்சு உண்டு.

பதினாறு அடிக்கு அறையில் ஒரே வழிதான் இருந்தது. பாதையைச் சுவரோரமாகச் சுற்றிக் கொண்டுபோனார். அது வாசலைக் குறுக்கே மறித்துக்கொண்டது. அறைக்குள் போக வேண்டுமென்றால் இனிமேல் தவழ வேண்டும்.

"முட்டி போச்சு பாய்."

"மேசைக் கால உசத்துங்க. குனிஞ்சே போயிடலாம்."

உயர்த்தினார். குனிந்து போக முடிந்தது. ஆனால் ரயில் மார்பளவுக்குப் போய்விட்டதால் தூர மூலையில் கை எட்டவில்லை. அங்கேதான் ரயில் நின்றது. முக்காலி ஒன்றை வாங்கி வந்தார்.

"வளைவுல நிக்குதா? அப்ப வளைவு சின்னது. இழுவை அதிகமாகும் தம்பி. பெருசா போடுங்க."

வளைவைப் பெரிதாக்கினார். அது அறையின் நடுவையும் விழுங்கிவிட்டது. அவர் நிற்பதற்கு வாஷிங் மெஷின் அளவு ஒரு ஓட்டை மிஞ்சியது. முக்காலி ஹாலுக்குத் திரும்பியது.

வாசலைக் கடக்கும் துண்டைத் தூக்கி எடுக்கிற மாதிரி செய்யச் சொன்னார் பாய். செய்தார். தண்டவாளம் மயிரிழை விலகி, ரயில் தலைகுப்புறத் தரையில் விழுந்தது.

"அப்ப ஸ்க்ரூ போட்டு இறுக்கிடுங்க. ஆடவே கூடாது."

யுகேந்திரன் ஹாலில் மல்லாந்து படுத்து, பலகையை அடியிலிருந்து முடுக்கினார். ஸ்க்ரூட்ரைவரை அங்கேயே போட்டுவிட்டுக் குனிந்து உள்ளே போனார். ஓட்டைக்குள் நிமிர்ந்தபோது இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது.

நிற்க முடிந்தது. குனிய முடியவில்லை. கொஞ்சம் குனிந்தாலும் உயிர் போனது.

வந்தது வந்தோம் என்று ரயிலை ஓட்டிப் பார்த்தார். பாலத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது.

தம்பியை அழைத்தார்.

"மீட்டிங்ல இருக்கேண்ணே. அப்புறம் கூப்பிடறேன்லா."

வேறு யாரைக் கூப்பிடலாம் என்று கைப்பேசியில் இருந்த பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனார். கேஸ் கடை. பிளம்பர். செத்துப்போன பழைய சூப்பர்வைசர். மறுபடியும் கேஸ் கடை, வேறு நம்பரில். பிறகு பெயர்கள் தீர்ந்துவிட்டன.

"பாய், மாட்டிக்கிட்டேன்."

இஸ்மாயில் பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"வாசக்கதவு?"

"சும்மாதான் சாத்தியிருக்கேன்."

"மகள காடி எடுக்கச் சொல்றேன். அசையாம நில்லுங்க."

அசைய வழியும் இல்லை. கடல் பாலத்தைத் தாண்டி அவர்கள் வந்து சேரும் வரை யுகேந்திரன் அந்த ஓட்டைக்குள் நின்றார். தம்பி போன பிறகு இந்த வீட்டுக்கு யாராவது வந்தார்களா என்று யோசித்துப் பார்த்தார். தண்ணீர் மீட்டர் பார்க்க ஒருவன் வந்தான். அவனும் வெளியிலேயே பார்த்துவிட்டுப் போய்விட்டான். லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்டதும், கையால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

முதலில் ஒரு வெள்ளைத் தொப்பி தெரிந்தது. குரலை வைத்து ஆறடி ஆளாக நினைத்திருந்தார். வந்தவர் ஒல்லியாக, யுகேந்திரனின் தோளுக்குத்தான் இருப்பார்.

"தம்பி."

"வாங்க பாய். உக்காரச் சொல்ல முடியல, மன்னிச்சுக்குங்க."

பின்னாலேயே மகள் அஃப்ரீன் வந்தாள். தரையில் கிடந்த ஸ்க்ரூட்ரைவரை எடுத்துப் பலகையைக் கழற்றினாள். யுகேந்திரன் விறைத்த கம்பு மாதிரி பக்கவாட்டில் நடந்து வெளியே வந்தார். அவர் விட்ட இடத்தில் இஸ்மாயில் பாய் நுழைந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல், ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்க பாய். உங்க லேஅவுட்டுல இந்த இடத்த எப்படிச் சமாளிச்சீங்க?"

பாய் காதில் விழாத மாதிரி ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துக்கிட்டு இருங்க. பாலில்லாம சூடா தே ஓ போட்டு எடுத்துட்டு வரேன்."

சமையலறையில் இரண்டாவது கோப்பையைத் தேட வேண்டியிருந்தது. மூன்றாவது கிடைக்கவே இல்லை. அஃப்ரீன் உதவிக்கு வந்து, கண்ணாடி டம்ளர் ஒன்றைக் கழுவித் தந்தாள்.

"உங்க அத்தா பெரிய கைகாரரும்மா," என்றார் யுகேந்திரன். "ஒரு நாள் உங்க வீட்டுக்கு வந்து அவரு ரயில் ஓடுறத நேர்ல பாக்கணும்."

அஃப்ரீன் அறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்க வீட்ல ரயிலே கிடையாது அங்கிள், உங்க ரயில் மேல ஏறிட்டா நீங்க ஃபோன் பண்றத நிறுத்திடுவீங்கன்னு, அத்தா தினமும் சாப்பிட்டதும் உக்காந்து புதுசா ஒரு கோளாறு யோசிச்சுக்கிட்டு இருப்பாரு."