ஊர் தெரிந்தவரோடு ஒரு ஜட்கா

மனிதர்களில் ஊர் தெரிந்தவர் என்று ஓர் இனம் உண்டு. எல்லா ஊரிலும் இருக்கிறது என்றாலும், நாலு தெரு தாண்டினால் பேச்சு மாறிவிடும் பெங்களூரில் தழைப்பதுபோல அது வேறெங்கும் தழைப்பதில்லை. அடையாளம் எளிது. கையில் குடை இருக்கும். மழைக்கு அல்ல, திசை காட்ட. மொழிக்கு இருபது சொல் வீதம் ஐந்து மொழி பேசுவார். கன்னடக்காரரிடம் தெலுங்கு, தெலுங்குக்காரரிடம் உருது, எல்லோரிடமும் கொஞ்சம் இங்கிலீஷ். அவர்கள் தமிழில் பதில் சொன்னால் காதில் வாங்க மாட்டார். இன்னொருவரிடம் வழி மட்டும் கேட்கவே மாட்டார். கேட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, வழி தெரிந்துவிடும். அதுதான் அவருக்குப் பொறுக்காது.

பிரேசர் டவுன் ரெமிஜியஸ் இந்த இனத்துக்கு நல்ல மாதிரி. ராணுவக் கிடங்கில் குமாஸ்தா. பிறந்தது, படித்தது, மணந்தது எல்லாம் வெள்ளைக்காரர் கட்டிய கண்டோன்மென்டில். கப்பன் பார்க்குக்கு அந்தப் பக்கம் இருக்கிற பழைய ஊரான சிட்டிக்கு அவர் போனது இரண்டே தடவை. இரண்டும் சவ ஊர்வலம், ஆகவே முன்னால் போனவர்கள் பின்னாலேயே போனார்.

1956 ஜூனில் அவருடைய மைத்துனன் ஞானசேகரன் ஆம்பூரிலிருந்து வந்து இறங்கினான். பசவனகுடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலைக்கு இன்டர்வியூ, காலை பத்தரைக்கு. இது ஆறாவது இன்டர்வியூ. இரண்டு வருடமாக அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் அவன்.

அக்கா ஜூடித் காபியை நீட்டியபடி தணிந்த குரலில் சொன்னாள்: "பஸ்ல போயிடு சேகர். மாமா பல்லு தேய்க்கிறாரு, இப்பவே கெளம்பிடு."

அதற்குள் பல் தேய்த்து முடிந்துவிட்டது.

"பஸ்ஸா? நான் இருக்கும்போது என் மச்சான் பஸ்ல போவானா?" குடையோடு வந்து நின்றார் ரெமிஜியஸ். "ஜட்காவுல போலாம். ஊரையும் பாத்த மாதிரி இருக்கும்."

எட்டே முக்காலுக்கு ஒற்றைக் குதிரை பூட்டிய ஜட்கா கிளம்பியது. கப்பன் பார்க் வரை குறை சொல்ல முடியாது. ஒரே தெருவில் மசூதி, மாதா கோயில், அம்மன் கோயில், மூன்றுக்கும் ஒரே பூக்காரி. ஞானசேகரன் வாயைப் பிளந்தான். பூக்காரியைத் தாமே நியமித்ததுபோல ரெமிஜியஸ் தலையசைத்தார்.

பார்க்கைத் தாண்டியதும் அவர் பேச்சு வேகமெடுத்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: தெரிந்த இடத்தில் இந்த இனம் நிதானமாகத்தான் பேசும், தெரியாத இடத்தில்தான் கொட்டும். "ரைட்ல தள்ளு பாய். இப்ப லெஃப்ட். சீதா ஜாவ், நேரா போ." வண்டிக்காரர் காதர் பாய் ஒரு சொல்லும் பேசாமல் குடை காட்டிய பக்கமெல்லாம் ஓட்டினார். அரிசி மூட்டை, வெற்றிலைக் கூடை, மேளதாளத்தோடு வந்த ஒரு கல்யாணக் கோஷ்டி, அந்தக் கோஷ்டியை எதிர்த்து வந்த எருமை என்று எல்லாவற்றையும் உரசிக்கொண்டு பேட்டைச் சந்துகளில் புகுந்து புறப்பட்ட வண்டி, குதிரைகளுக்காகக் கட்டிய ஒரு கல் தொட்டியருகே வெளியே வந்தது. குதிரை தண்ணீர் குடித்தது. பத்து நிமிடம் கழித்து இன்னொரு தொட்டி. குதிரை முகர்ந்து பார்த்தது.

"மாமா, இது அதே தொட்டி மாதிரி இருக்கே."

"சிட்டியில தொட்டியெல்லாம் ஒரே அச்சு. அந்தக் காலத்து வேலை அப்படி."

மூன்றாவது தொட்டியில் குதிரை முகத்தைத் திருப்பிக்கொண்டது. வண்டியில் இருந்தவர்களைவிட அதற்கு ஊர் தெரிந்திருந்தது. மணி பத்தைத் தாண்டிவிட்டது.

ஞானசேகரனுக்கு ஆம்பூர் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு கண்முன் வந்தது. முன்னால் குனிந்தான்.

"பாய், பசவனகுடிக்கு உங்களுக்கு வழி தெரியுமா?"

"நம்ம ஊடே அங்கதான் சாமி. முப்பது வருசமா."

"பின்ன ஏன் சொல்லல?"

"யாரு கேட்டாங்க? தொரை குடைய காட்டினாரு, நான் ஓட்டினேன். குச் பர்வா நை, கவலப்படாதீங்க. கெட்டியா புடிச்சுக்குங்க."

குதிரை பறந்தது. ரெமிஜியஸோ, வண்டி ஒவ்வொரு முனையிலும் திரும்பி முடித்தபின், திரும்பிய பக்கம் குடையை நீட்டினார். லேசில் யாரையும் மெச்சாத நானும் இதை மெச்சுகிறேன். தோற்றபின்னும் திசை காட்ட ஒரு மனம் வேண்டும்.

பத்து இருபத்தெட்டுக்குப் பள்ளிக்கூடம். தலைமை ஆசிரியர் கோவிந்தப்பா சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "ஆம்பூரா? பள்ளிக்கூடம் கண்டுபிடிக்க ரொம்ப கஷ்ட ஆச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். காற்சட்டையில் சேறு, காலரில் வியர்வை, ஜன்னலுக்கு வெளியே குடை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தெரியாது என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்?

"இல்லீங்க சார். இந்த ஊர் எனக்கு நல்லாத் தெரியும்."

"ஒள்ளேதாய்த்து, நல்லதாப் போச்சு," என்றார் கோவிந்தப்பா. "வந்த மூணு பேருமே கணக்கு நல்லாத்தான் போடறாங்க. சனிக்கிழமை பசங்கள ஊர் சுத்திக் காட்டத்தான் யாருக்கும் தைரியம் இல்ல. திங்கக்கிழமை வந்து சேந்துடுங்க."

ஜூலையின் முதல் சனிக்கிழமை, நாற்பது மாணவர்கள் இருவர் இருவராக அந்தத் தொட்டியைச் சுற்றி வந்தார்கள். முன்னால் ஒரு புதுக் குடை. மூன்றாவது சுற்றில் குடை தாழ்ந்தது. குதிரையிடம் பாடம் படித்தவன் அல்லவா ஞானசேகரன்? பக்கத்தில் நின்ற கௌரவமான ஒருவரிடம், "ஐயா, லால்பாக்குக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டான்.

அந்தக் கௌரவமானவர் பெங்களூருக்கு வந்து நாலே நாள். லால்பாக்கை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் கை தானாக எழுந்தது. "நேரா போயி, ரெண்டாவது லெஃப்ட்."

அது நீங்கள் இல்லை என்கிறீர்கள். நம்புகிறேன். அந்தக் கையை மட்டும் கீழே இறக்குங்கள்.